சட்டைப்பை சாட்சி – 9: நீதிமன்றம் ஏறிய குண்டூசி

போன வாரம் செல்போன் டவரோடு நின்றது. ஜெர்மனியின் பசுமைக் கட்சிக்காரர் மால்ட்டே ஸ்பிட்ஸ் தன் தொலைபேசி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு வாங்கிய, தன் போனைப் பற்றிய பதிவுகளின் 35,000-க்கும் மேற்பட்ட வரிகளை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளலாம்.

இந்த வாரம் போனின் செட்டிங்ஸுக்குள் இறங்கி, எந்தெந்தச் செயலிக்கு ‘லொக்கேஷன்’ கொடுக்கலாம், எதற்குக் கூடாது என்று பார்ப்பதாக வாக்கு. இறங்கத்தான் போகிறது தொடர். ஆனால் போகிற வழியில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று கண்ணில் பட்டுவிட்டது. அதைப் படித்த பிறகு நேராக செட்டிங்ஸுக்குப் போக மனம் வரவில்லை.

2024 ஜூலை 8 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வு வழங்கிய தீர்ப்பு அது. போதைப்பொருள் வழக்கில் 2014-இல் கைதானவர் ஒரு நைஜீரிய நாட்டவர். வழக்கு முடிந்தபாடில்லை. ஆண்டுகள் ஓடி, 2022 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அவருக்கு ஜாமீன் கொடுத்தது. கொடுக்கும்போது இரண்டு முடிச்சுகளையும் சேர்த்துப் போட்டது. இவர் நாட்டை விட்டுப் போகமாட்டார் என்று அவருடைய நாட்டுத் தூதரகம் சான்று தர வேண்டும் என்பது முதல் முடிச்சு. இரண்டாவதுதான் விசேஷம். அவர் கூகுள் மேப்பில் ஒரு ‘பின்’ போட்டு வைக்க வேண்டும்; அதன் மூலம் அவர் இருக்குமிடம் விசாரணை அதிகாரிக்குத் தெரிய வேண்டும்.

பின் என்றால் குண்டூசி. கல்யாணப் பத்திரிகை வந்த கையோடு வாட்ஸ்அப்பில் மண்டபத்தின் லொக்கேஷன் வந்து விழுகிறதே, அதில் தலை பருத்து நிற்கும் அதே சிவப்பு ஊசி. அந்த ஊசியைப் பார்த்தால் மண்டபம் எங்கே இருக்கிறது என்று தெரியும். மாப்பிள்ளை எங்கே இருக்கிறார் என்று தெரியாது. முகூர்த்தத்துக்கு முந்தின ராத்திரி மாப்பிள்ளை பின்வாசல் வழியாக எழுந்து போய்விட்டாலும் ஊசி குத்திய இடத்தில் குத்தியபடி நிற்கும். அதற்குள்ளே இருப்பது இரண்டே எண்கள்: ஓர் அட்சரேகை, ஒரு தீர்க்கரேகை. மைல்கல்லுக்கு என்ன வேலையோ அதே வேலைதான் அதற்கும்.

ஒரு நாட்டின் தலைநகரத்து உயர் நீதிமன்றம், ஒரு மனிதரை இந்த மைல்கல்லோடு கட்டிவைத்துவிட்டதாக நினைத்தது. இந்த ஒரு வழக்கில் மட்டும் அல்ல. அதே நீதிமன்றத்தின் வேறு சில ஜாமீன் உத்தரவுகளிலும் இந்த நிபந்தனை இருந்தது.

உச்ச நீதிமன்றம் அடுத்துச் செய்த காரியம்தான் இந்த வாரத்தையே விழுங்கிவிட்டது. அவர்கள் தங்களுக்குத் தெரிந்ததை வைத்து ஊகிக்கவில்லை. ஊசியைச் செய்தவர்களையே கூப்பிட்டு, இது என்ன செய்யும் என்று கேட்டார்கள். கூகுள் இந்தியா நிறுவனம், இதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அமெரிக்காவில் இருக்கும் கூகுள் எல்.எல்.சி. என்று கைகாட்டியது. அங்கிருந்து பிரமாணப் பத்திரம் வந்தது. பின்னை யாருக்கு அனுப்புவது, அனுப்பாமல் இருப்பது எல்லாம் பயனாளியின் கையில்தான் இருக்கிறது. அதை வைத்து ஒருவரையோ அவருடைய போனையோ நேரலையில் பின்தொடர முடியாது. சாரம் இவ்வளவுதான். சட்டப் புத்தகங்கள் நிறைந்த அந்த அறையில், ஒரு குண்டூசி ஒரே இடத்தில் நிற்கும் என்பது சத்தியப் பிரமாணத்தோடு பதிவானது. இதைவிட ஆனந்தமான ஆவணம் இந்தத் தொடருக்கு இதுவரை கிடைத்ததில்லை.

ஊசியால் பயனில்லை, ஆகவே நிபந்தனை வீண் என்று சொல்லி அமர்வு எழுந்திருக்கலாம். எழுந்திருக்கவில்லை. பயன் இருந்திருந்தால்? ஜாமீனில் வெளியே வந்தவரின் ஒவ்வோர் அசைவையும் போலீஸ் பார்த்துக்கொண்டிருக்க வழிசெய்யும் எந்த நிபந்தனையும், அது எந்தத் தொழில்நுட்பத்தால் ஆனாலும், அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் அந்தரங்க உரிமையை மீறும் என்று சொல்லி நிபந்தனையை நீக்கினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னது 2017 ஆகஸ்டில். அந்தத் தீர்ப்பு ஏழு ஆண்டுகள் நடந்து கூகுள் மேப் வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

உயர் நீதிமன்றத்தைப் பார்த்துச் சிரிப்பது சுலபம். ஆனால் அங்கே நடந்த குழப்பம் எல்லா வீட்டிலும் நடப்பதுதான். ‘லொக்கேஷன் அனுப்பு’ என்ற ஒரே வாக்கியத்துக்குள் மூன்று வேறு வேறு சங்கதிகள் அடைந்து கிடக்கின்றன.

முதலாவது, மேலே பார்த்த ஊசி. சாது.

இரண்டாவது, ‘லைவ் லொக்கேஷன்’. வாட்ஸ்அப் இதை 2017 அக்டோபரில் கொண்டுவந்தது. அதில் கால் மணி, ஒரு மணி, எட்டு மணி என்று மூன்று அளவுகள். மதுரையில் ராத்திரி ரயில் ஏறுகிறவர் எழும்பூரில் இறங்குவதற்கு ஏறக்குறைய அந்த எட்டு மணி நேரம் சரியாக இருக்கும். இறங்கினதும் கணக்கு தீர்ந்துவிடும் என்பதுதான் அதன் நல்ல குணம். கூகுள் மேப்பில் இருக்கும் பகிர்வு அப்படியல்ல. ‘நானாக நிறுத்தும் வரை’ என்று அதில் ஒரு தேர்வு உண்டு. ஒரு சுற்றுலாவின்போது நண்பர்களுக்குள் அதைப் போட்டுவிட்டு, ஊர் திரும்பி, சண்டை போட்டு, பேச்சுவார்த்தை நின்ற பிறகும் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க வாய்ப்பிருக்கிறது. கூகுள் மேப்பைத் திறந்து, வலது மூலையில் இருக்கும் தன் முகத்தைத் தட்டி, பகிர்வுப் பட்டியலைப் பார்த்தால் யார் யார் இன்னும் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று தெரியும்.

மூன்றாவதுதான் வில்லங்கம்: யாருக்கும் எதையும் அனுப்பாதபோதும் சேர்ந்துகொண்டே போகும் பதிவேடு.

அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலம், கெய்ன்ஸ்வில் நகரம். 2020 ஜனவரியில் ஓர் இளைஞருக்கு கூகுளிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணக்கின் தகவலைப் போலீஸ் கேட்கிறது, ஏழு நாளுக்குள் நீதிமன்றம் போய்த் தடுக்காவிட்டால் கொடுத்துவிடுவோம் என்றது அது. எதற்கென்று அவருக்கு விளங்கவில்லை. கடிதத்தில் இருந்த வழக்கு எண்ணை வைத்துத் துழாவியபோதுதான் தெரிந்தது: முந்தைய ஆண்டு மார்ச்சில், அவர் வீட்டுக்கு ஒரு மைலுக்குள், 97 வயது மூதாட்டி ஒருவரின் வீட்டில் திருட்டுப் போயிருக்கிறது. அன்றைக்கு இவர் சைக்கிள் ஓட்டும் தூரத்தை அளக்கும் செயலியைப் போட்டுக்கொண்டு, வழக்கம்போல அந்தப் பக்கம் சுற்றியிருக்கிறார். ஒரு மணி நேரத்துக்குள் மூன்று முறை அந்த வீட்டைக் கடந்திருக்கிறார். உடற்பயிற்சிக்காக ஒரே வட்டத்தில் சைக்கிள் மிதிப்பவருக்கும், நோட்டம் பார்க்கும் திருடனுக்கும் வரைபடத்தில் ஒரே கோடுதான். பெற்றோரின் சேமிப்பிலிருந்து பணம் எடுத்து வக்கீல் வைத்தார். பிறகு போலீஸ் தரப்பு பின்வாங்கியது.

போலீஸ் கேட்டது அவரைப் பெயர் சொல்லி அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். இந்த வீட்டைச் சுற்றி, இந்த நேரத்தில் இருந்த போன்கள் அத்தனையையும் கொடு என்று கேட்டார்கள். வலையை வீசிவிட்டு மீனைப் பொறுக்குகிற வேலை. கூகுளின் கணினிகளில் கோடிக்கணக்கானவர்களின் நடமாட்டம் ஒரே இடத்தில் குவிந்து கிடந்ததால்தான் அது சாத்தியமானது.

அந்தப் பதிவேட்டை நிறுத்தினால் போதாதா? நிறுத்தியவர்களின் கதை இன்னும் சுவையானது. 2018 ஆகஸ்டில் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் ஒரு புலனாய்வை வெளியிட்டது. ‘லொக்கேஷன் ஹிஸ்டரி’ என்ற பொத்தானை அணைத்த பிறகும் கூகுள் இடத்தைக் குறித்துக்கொண்டேதான் இருந்தது. ஏனென்றால் ‘வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி’ என்று இன்னொரு பொத்தான், பெயரில் இடம் என்ற சொல்லே இல்லாமல், வேறொரு பக்கத்தில் இருந்தது. வாசல் கதவைப் பூட்டச் சொல்லிவிட்டு, கொல்லைக் கதவு இருப்பதைச் சொல்லாமல் விட்ட கதை. 2022 நவம்பரில் அமெரிக்காவின் 40 மாநிலங்களோடு கூகுள் சமரசத்துக்கு வந்தது. கட்ட ஒப்புக்கொண்ட தொகை 39.15 கோடி டாலர்.

2023 டிசம்பரில் கூகுள் அறிவித்த மாற்றம் இதையெல்லாம்விடப் பெரியது. ‘டைம்லைன்’ எனப்படும் அந்த நடமாட்டக் குறிப்பு இனிமேல் அவரவர் போனிலேயே இருக்கும். புதிதாக அதை இயக்குகிறவர்களுக்கு மூன்று மாதத்தில் தானாக அழியும். குவியல் தங்களிடம் இல்லாவிட்டால் கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கவும் ஒன்றும் இருக்காது. நல்ல புத்தியோ, வழக்குச் செலவின் அலுப்போ, எதுவானாலும் வரவேற்க வேண்டியதுதான். கொல்லைக் கதவை மட்டும் இன்றைக்கும் அவரவர்தான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இந்த இடத்தில் ‘நான் ஜி.பி.எஸ்.ஸையே அணைத்து வைத்திருக்கிறேன், எந்த சாட்டிலைட்டும் என்னைப் பார்க்க முடியாது’ என்று மார்தட்டும் ஒரு கூட்டம் உண்டு. சாட்டிலைட் அவர்களை என்றைக்குமே பார்த்ததில்லை. ஏறக்குறைய 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் ‘நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது’ என்று சொல்லிக்கொண்டே போகின்றன. போன் அவற்றைக் கேட்டுத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. திருச்சி வானொலியைக் கேட்பவரின் விலாசம் திருச்சி நிலையத்துக்குத் தெரியாது அல்லவா, அதேபோல. போட்ட கணக்கை போன் யாரிடம் சொல்கிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒருவழியாக செட்டிங்ஸ். பக்கம் முடியப்போவதால் வேகமாக.

ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும் செட்டிங்ஸுக்குள் ‘லொக்கேஷன்’ என்று தேடினால், எந்தச் செயலிக்கு என்ன உரிமை என்ற பட்டியல் வரும். ‘எப்போதும்’ என்ற தலைப்பின் கீழ் இருப்பவற்றை முதலில் பார்க்க வேண்டும். செயலியை மூடிய பிறகும் இடத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை அது. போன் தொலைந்தால் கண்டுபிடிக்கும் சேவையைப் போல ஒன்றிரண்டைத் தவிர மற்றவற்றுக்கு அது தேவைப்படாது. வாடகை வண்டிக்கும் சாப்பாடு கொண்டுவரும் செயலிக்கும் ‘பயன்படுத்தும்போது மட்டும்’ போதும். டார்ச் லைட்டுக்கும் கால்குலேட்டருக்கும் எதுவுமே வேண்டாம். அவை கேட்டால் அவற்றையே வேண்டாம் என்று சொல்லலாம்.

அதே பக்கத்தில் பலர் தொடாத இன்னொரு பொத்தான் இருக்கிறது: ‘துல்லியமான இடம்’. ஐபோனில் 2020-இலும் ஆண்ட்ராய்டில் 2021-இலும் வந்தது. அதை அணைத்தால் செயலிக்குத் தோராயமான பகுதிதான் கிடைக்கும். ஆண்ட்ராய்டின் கணக்கில் அது சுமார் மூன்று சதுர கிலோமீட்டர். திருவல்லிக்கேணி என்று தெரியும். எந்தச் சந்து என்று தெரியாது. மழை வருமா என்று சொல்ல அது தாராளம்.

தொழுகை நேரம் சொல்லவும் தாராளம். ‘முஸ்லிம் ப்ரோ’ என்ற செயலி உலகெங்கும் கோடிக்கணக்கான போன்களில் இருந்தது. அதன் பயனாளிகளின் இடத் தகவல் எக்ஸ்-மோட் என்ற தரகு நிறுவனத்துக்குப் போனதும், அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்ததாரர்கள் இருந்ததும் 2020 நவம்பரில் வெளிவந்தன. செயலிக்காரர்கள் தரகரோடு உறவை முறித்தார்கள். 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையம், அந்தரங்கமான இடங்களின் தகவலை விற்கக் கூடாது என்று தரகு நிறுவனத்துக்குத் தடை போட்டது. தொழுகை நேரம் பார்க்க போனை எடுத்தவர்களுக்கு இதெல்லாம் நடந்துகொண்டிருந்ததே தெரியாது.

படங்களுக்குள் ஒளிந்திருக்கும் இடக் குறிப்பையும் இந்த வாரமே முடிப்பதாக இருந்தது. குண்டூசி விடவில்லை. அடுத்த வாரம் அதோடு வைஃபையும் சேர்ந்துகொள்ளும். போனின் ஜி.பி.எஸ். அணைந்திருந்தாலும் பக்கத்து வீட்டு ரவுட்டரை வைத்து இடத்தைச் சொல்லிவிட முடியும். எந்த ரவுட்டர் எங்கே இருக்கிறது என்ற பட்டியலிலிருந்து தன் வீட்டு ரவுட்டரை விலக்கிக்கொள்ள கூகுளும் ஆப்பிளும் வைத்திருக்கும் வழி விநோதமானது: வைஃபை பெயரின் வாலில் ஓர் அடிக்கோடு போட்டு, ‘நோமேப்’ என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளை ஒட்ட வேண்டும். கூகுள் இதை 2011-லிருந்தே மதிக்கிறது. ஆப்பிள் மதிக்கத் தொடங்கியது 2024-இல், மேரிலாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஒரு வேலை செய்து காட்டிய பிறகு. என்ன வேலை என்பது அடுத்த வாரம். அதற்குள் வாசகர்கள் அவரவர் வீட்டு வைஃபைக்கு என்ன பெயர் இருக்கிறது என்று பார்த்து வைக்கவும்.