காங்கோ குடியரசின் ஆட்சியமைப்பு

காங்கோப் பேராற்றின் பெயரைத் தாங்கிய நாடுகள் இரண்டு. அவற்றுள் பெரியதும், கின்சாசாவைத் தலைநகராகக் கொண்டதுமான காங்கோ சனநாயகக் குடியரசின் ஆட்சியமைப்பை ஈண்டு நாம் காண்போம்.

பெல்ஜியத்திடமிருந்து 1960 ஜூன் 30-இல் இந்நாடு விடுதலை பெற்றது. மூன்று திங்கள் முடியுமுன்னரே குடியரசுத் தலைவர் காசவுபு, பிரதமர் லுமும்பாவைப் பதவிநீக்கினார். லுமும்பாவோ தலைவரையே நீக்கிவிட்டதாக அறிவித்தார். இத்தகைய பூசல்கள் தொடர, படைத்தலைவர் மொபுட்டு 1965-இல் ஆட்சியைக் கைப்பற்றி, 1997 வரை தம்பிடியிலேயே வைத்திருந்தார். அவருக்குப் பின்னும் போர்கள் நாட்டை அலைக்கழித்தன. இப்பட்டறிவின் விளைவே, பொதுவாக்கெடுப்பில் மக்கள் ஏற்க, 2006 பிப்ரவரி 18-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பு.

அதன்படி, குடியரசுத் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுப்பர். அவர்தம் பதவிக்காலம் ஐந்தாண்டுகள். மேலும் ஒருமுறை மட்டுமே அப்பதவியை வகிக்கலாம். நாடாளுமன்றப் பெரும்பான்மையினரிடமிருந்து பிரதமரை அவர் அமர்த்துவார். பிரதமரும் அமைச்சர்களும் தேசியப் பேரவைக்குப் பொறுப்புடையவர்கள். கண்டனத் தீர்மானத்தால் பேரவை அவர்களை நீக்கலாம். 2024-இல் ஜூடித் சுமின்வா இந்நாட்டின் முதல் பெண் பிரதமரானார்.

நாடாளுமன்றம் ஈரவைகளை உடையது. தேசியப் பேரவையின் 500 உறுப்பினரை மக்களும், செனட் என்னும் மேலவையினரை மாகாணப் பேரவைகளும் தேர்ந்தெடுக்கின்றனர். மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட முன்னாள் குடியரசுத் தலைவர்கள் மேலவையின் வாழ்நாள் உறுப்பினராவர். ஒன்பது நீதிபதிகளைக் கொண்ட அரசியலமைப்பு நீதிமன்றம் தேர்தல் வழக்குகளைத் தீர்க்கிறது.

2015-இல் மாகாணங்கள், தலைநகர் உட்பட, 26 ஆகப் பிரிக்கப்பட்டன. மாகாணங்களில் திரளும் தேசிய வருவாயில் 40 விழுக்காடு அவற்றுக்கே உரியது என்பது சட்டம்; நடைமுறையிலோ அத்தொகை முழுமையாகச் சென்று சேர்வதில்லை என்ற குறை நெடிது நிலவியது.

இவ்வரசியலமைப்பின் உயிர்நிலை 220-ஆம் பிரிவு எனலாம். தலைவரின் பதவிக்காலத்தையும், அவர் எத்தனை முறை ஆளலாம் என்பதையும் எவரும் திருத்தவியலாதென அது விதிக்கிறது. ஆயினும், புதிய தலைவர் பதவியேற்கும்வரை பழையவரே நீடிப்பார் என்பது 70-ஆம் பிரிவு. தேர்தல் தள்ளிப்போனமையால், 2016 டிசம்பரில் பதவிக்காலம் முடிந்த ஜோசப் கபிலா அப்பிரிவின் துணையால் மேலும் ஈராண்டுகள் ஆண்டார். எதிர்த்துப் போராடியோர் பலர் உயிரிழந்தனர். இறுதியில் 2018 டிசம்பரில் தேர்தல் நடந்தது. அதன் முடிவைக் குறித்து ஐயங்கள் எழுந்தபோதிலும், 2019 சனவரி 24-இல் பெலிக்ஸ் சிசெகெடி பதவியேற்றார். விடுதலைக்குப்பின் அமைதியாக நிகழ்ந்த முதல் ஆட்சிமாற்றம் அதுவே.

அச்சிசெகெடியே 2024-இல், அரசியலமைப்பை மாற்றவேண்டும் எனக் குரல் எழுப்பினார். ஆட்சிக்காலத்துக்கு வரம்பு கட்டும் பிரிவை ஏட்டில் எழுதுவதோடு மக்களின் பணி முடிந்துவிடுவதில்லை. ஒவ்வொரு தேர்தலிலும் அதனைக் காத்தாகவேண்டும். காங்கோ மக்களின் வரலாற்றிலிருந்து நாம் கற்கத்தக்க பாடம் இஃதே.