தீவை வாங்கிய ஊர்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் எய்க் என்று ஒரு தீவு. அங்கே ஒரு வீட்டில் துணி துவைக்கும் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே கெட்டிலில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். கூடவே மின்னடுப்பையும் போட்டு, ஹீட்டரையும் தட்டினால் வீடே இருண்டுவிடும். ஒரு வீட்டுக்கு ஒரு நேரத்தில் 5 கிலோவாட், கடை, விடுதிகளுக்கு 10 கிலோவாட் என்பது கணக்கு. அதைத் தாண்டினால் இணைப்பு தானாகத் துண்டித்துக்கொள்ளும். இந்தக் கட்டுப்பாட்டைப் போட்டது அரசாங்கமும் இல்லை, வெளியூர் மின்சாரக் கம்பெனியும் இல்லை. தீவில் குடியிருப்பவர்கள் பேசி முடிவெடுத்துத் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. மின்நிலையம் அவர்களுடையது. மின்நிலையம் மட்டுமா, தீவே அவர்களுடையதுதான்.

ஓர் ஊர் தான் குடியிருக்கும் நிலத்தைத் தானே விலைக்கு வாங்க முடியுமா? வாங்கினால் பத்திரம் யார் பெயரில் இருக்கும்? பணத்துக்கு எங்கே போவது? இதற்கெல்லாம் இன்று ஸ்காட்லாந்தில் சட்டமும் நிதியும் இருக்கின்றன. எய்க் மக்கள் வாங்கியபோது இரண்டுமே கிடையாது.

நம் பக்கம் ஜமீன்களை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. ஸ்காட்லாந்தில் பெரும் பண்ணைகளை அப்படி ஒட்டுமொத்தமாக ஒழிக்கவில்லை. மலை, காடு, ஏரி, அதில் குடியிருக்கும் ஊர் எல்லாம் சேர்ந்து ஒரே ஆளின் சொத்தாகக் கைமாறும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் செம்மறி ஆட்டுப் பண்ணைக்காகக் குடியானவர்களைக் கூட்டம் கூட்டமாக வெளியேற்றிய கதை அங்கே இன்னும் ஆறாத புண். எய்க்கிலேயே குருலின் என்ற கிராமத்தை 1853-ல் அப்படித்தான் காலி செய்தார்கள். கல் சுவர்கள் இன்னும் நிற்கின்றன.

எய்க்கின் பரப்பு சுமார் 31 சதுர கிலோமீட்டர். 1975-ல் கீத் ஷெலன்பெர்க் என்ற தொழிலதிபர் அதை வாங்கினார். 1995-ல் மருமா என்ற ஜெர்மானிய ஓவியருக்கு விற்றார். தீவை வாங்கியவருக்கு அங்கே குடியிருந்தவர்களும் சேர்ந்தே கிடைத்தார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். விற்பதா, யாருக்கு விற்பது என்று அவர்களைக் கேட்க வேண்டிய அவசியம் யாருக்கும் இருக்கவில்லை.

முதலாளி நல்லவரா கெட்டவரா என்பதல்ல முக்கியப் பிரச்சினை. பலரிடம் உறுதியான குத்தகைப் பத்திரம் இல்லை. கூரை ஒழுகுகிறது, கைக்காசைப் போட்டுச் சரிசெய்யலாம்தான். அடுத்த வருஷம் கிளம்பச் சொன்னால்? போட்ட காசு கூரையோடு போச்சு. பத்திரம் இல்லாதவருக்கு வங்கி கடன் கொடுக்காது. கடன் இல்லாமல் கடை வைக்க முடியாது, கடை இல்லாத ஊரில் பிள்ளைகள் தங்கமாட்டார்கள். வாடகை வீட்டுச் சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்கும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எய்க்கில் ஊரே வாடகை வீடாக இருந்தது. 1997-ல் அங்கே அறுபது பேருக்குச் சற்று அதிகமாகத்தான் மிஞ்சியிருந்தார்கள்.

அவர்களுக்கு முன்னால் ஓர் உதாரணம் இருந்தது. ஸ்காட்லாந்தின் வடமேற்கே அசின்ட் பகுதியில் சிறு குத்தகை விவசாயிகள் 1993-ல் ஒன்றுசேர்ந்து 21,000 ஏக்கர் பண்ணையை 3 லட்சம் பவுண்டுக்கு வாங்கிக் காட்டியிருந்தார்கள். எய்க்குக்குத் தேவைப்பட்டது அதைப்போல ஐந்து மடங்கு, சுமார் 15 லட்சம் பவுண்டு. தீவு மக்களின் சங்கம், ஹைலேண்ட் கவுன்சில் என்ற உள்ளாட்சி அமைப்பு, ஸ்காட்டிஷ் வனவிலங்கு அறக்கட்டளை மூன்றும் கூட்டுச் சேர்ந்து எய்க் பாரம்பரிய அறக்கட்டளையை அமைத்தன. லாட்டரி நிதியிலிருந்து வரும் என்று எதிர்பார்த்த பெருந்தொகை வரவில்லை. நாடெங்குமிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் சிறு தொகைகளாக அனுப்பினார்கள். பெயர் வெளியிட விரும்பாத ஒரு பெண்மணி மட்டும் ஏறக்குறைய பாதித் தொகையைத் தந்துவிட்டார். 1997 ஜூன் 12 அன்று தீவு கைமாறியது.

பத்திரம் அறக்கட்டளையின் பெயரில்தான் இருக்கிறது. ஆளுக்கொரு பங்கு என்று பிரித்துக்கொள்ளவில்லை. இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். 'ஊர்ச் சொத்து' என்றதும் பலர் மனதில் எழுவது பாகப்பிரிவினைதான். இங்கே அமைப்புக்கு உறுப்பினர்கள் உண்டு, பங்குதாரர்கள் கிடையாது. லாபம் வந்தால் தீவுக்கே திரும்பச் செலவாகும். ஒருவர் தீவைவிட்டுப் போனால் தன் பங்கை விற்றுக் காசாக்க முடியாது, ஏனென்றால் விற்பதற்குப் பங்கு என்று ஒன்று இல்லை. தனிச்சொத்துக்கும் அரசுச் சொத்துக்கும் நடுவில் இருக்கும் மூன்றாவது வகை இது.

கைக்கு வந்ததும் பாட்டும் கூத்தும் நடந்தன. அடுத்து நடந்ததெல்லாம் அலுப்பூட்டும் வேலைகள்: உறுதியான குத்தகைப் பத்திரங்கள், கூரைகள், வேலிகள், கணக்குகள். படகுத்துறையில் கடை, தேநீர்க்கடை, கழிப்பறை எல்லாம் சேர்ந்த ஒரு கட்டடம் 1998-ல் எழுந்தது. படகிலிருந்து இறங்கும் பயணிக்கு ஒரு கோப்பை தேநீரும், தீவுக்காரருக்கு நாலு காசும் கிடைக்க அது போதும். இன்று மக்கள்தொகை நூறைத் தாண்டிவிட்டது. நம் கணக்கில் அது ஒரு தெரு. ஆனால் ஒரு தீவில் பள்ளிக்கூடம் நடப்பதா மூடுவதா என்பதை முடிவு செய்யும் எண்ணிக்கை.

சட்டம் ஊர்க்காரர்களுக்குப் பின்னால்தான் வந்தது. 2003-ல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் நிலச் சீர்திருத்தச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி ஊரார் முதலில் தங்கள் எல்லையை வரையறுத்து ஓர் அமைப்பைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு ஒரு நிலத்திலோ கட்டடத்திலோ தங்களுக்கு அக்கறை உண்டு என்று ஊரில் பத்தில் ஒருவரின் ஆதரவையாவது காட்டி விண்ணப்பிக்க வேண்டும். அரசு ஏற்றுக்கொண்டால் அது பதிவேட்டில் ஏறும். உரிமையாளர் விற்க நினைக்கும் நாளில் முதல் வாய்ப்பு ஊருக்குத்தான். வாங்கலாமா வேண்டாமா என்று ஊரில் வாக்கெடுப்பு நடக்கும். விலையை வெளியாள் ஒருவர் மதிப்பிடுவார். அடிமாட்டு விலைக்குப் பிடுங்கவும் முடியாது, ஆசைக்குத் தகுந்தபடி ஏற்றவும் முடியாது.

முதலில் இது கிராமங்களுக்கும் சிற்றூர்களுக்கும் மட்டும் இருந்தது. 2015-ல் வந்த சட்டம் நகரங்களுக்கும் கதவைத் திறந்தது. எடின்பரோவின் கடலோரப் பகுதியான போர்ட்டோபெல்லோவில் மூடிக்கிடந்த தேவாலயத்தை அங்குள்ளவர்கள் 2017-ல் வாங்கி, பொதுக்கூடமாக மாற்றினார்கள். நகரத்தில் இந்த உரிமையின் கீழ் நடந்த முதல் கொள்முதல் அது. அதே சட்டத்தின்படி, அரசு அலுவலகங்களிடம் சும்மா கிடக்கும் கட்டடத்தையோ இடத்தையோ எங்களுக்குக் கொடுங்கள் என்று ஊர் அமைப்பு கேட்கலாம். தக்க காரணம் சொல்லாமல் மறுக்க முடியாது. 2016-ல் வந்த இன்னொரு சட்டம், விற்க மனமில்லாத உரிமையாளரிடமிருந்தும் சில நிபந்தனைகளோடு வாங்க வழி செய்தது. பணத்துக்கு 2001-ல் தொடங்கிய ஸ்காட்டிஷ் நில நிதி இருக்கிறது. இப்போது ஓர் ஊருக்கு 10 லட்சம் பவுண்டு வரை மானியம் தருகிறது. இந்த இடம் நமக்கு உதவுமா என்று ஆராய்ந்து பார்க்கவே தனியாக உதவி உண்டு. இந்த முன்யோசனைதான் எனக்குப் பிடித்தது.

யோசிக்காமல் வாங்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதே மேற்குக் கடலில் கீகா தீவு இருக்கிறது. அந்த ஊரார் 2002-ல் 40 லட்சம் பவுண்டு கொடுத்துத் தீவை வாங்கினார்கள். அதில் 10 லட்சம் கடன். அங்கிருந்த பெரிய மாளிகையை விற்றுக் கடனை அடைத்தார்கள், அதுவரை சரி. ஆனால் தீவோடு சேர்ந்து வந்த வீடுகளில் முக்கால்வாசி, குடியிருக்கும் தரத்துக்குக் கீழே கிடந்தன. அவற்றைப் புதுப்பிக்க இறங்கி, சில வருஷங்களில் பெருங்கடனில் மாட்டினார்கள். மூன்று பழைய காற்றாலைகளை வாங்கி நட்டு, அதில் வரும் மின்சாரத்தை விற்கும் வருமானம் ஓரளவு தாங்கிப்பிடித்தது. மறுபக்கம், 2001-ல் 110 ஆக இருந்த மக்கள்தொகை 2011-ல் 163 ஆகியிருந்தது. வெற்றியா தோல்வியா என்று ஒரு வார்த்தையில் கேட்பவர்களுக்கு கீகா பிடிகொடுக்காது. தேரை இழுக்க ஊரே திரளும்; மழைக்காலத்தில் தேருக்குக் கொட்டகை போட நாலு பேர்தான் வருவார்கள். கூட்டுச் சொத்து எதற்கும் இந்தத் தொல்லை உண்டு. கூட்டம், வாக்கெடுப்பு, கணக்கு, மறுபடி கூட்டம் என்று எப்போதும் அதே ஏழெட்டுப் பேர். ஒரே ஊருக்குள் ஒருவர் வீடுகளுக்கு உரிமையுள்ள ஊர் அமைப்பின் இயக்குநர், அவரே அதற்கு வாடகைக்காரர் என்றால் மனஸ்தாபமும் வரும்தான். சம்பளத்துக்கு ஒரு மேலாளரை வைக்கவும் நிதி உதவி வேண்டும் என்று அனுபவப்பட்டவர்கள் சொல்வது இதனால்தான்.

எய்க்கின் மின்சாரத்துக்கு வருவோம். தீவு கைக்கு வந்து பத்து வருஷம் வரை வீட்டுக்கு வீடு டீசல் ஜெனரேட்டர்தான். சத்தம், செலவு, எண்ணெய் சுமக்கும் வேலை. பெருநிலத்திலிருந்து கடலடியில் கம்பி இழுக்கக் கட்டுப்படியாகாது. 2008 பிப்ரவரியில் தீவின் ஓடைகள், காற்று, சூரியன் மூன்றையும் ஒரே வலைப்பின்னலில் இணைத்துவிட்டார்கள். ஓடைகளில் பெரியது 100 கிலோவாட் தரும். மலையடிவாரத்தில் நாலு சிறு காற்றாலைகள், பக்கத்தில் சூரியப் பலகைகள், மிச்சத்தைச் சேமிக்க பேட்டரிகள், ஆபத்துக்கு டீசல். மண்ணுக்கடியில் 11 கிலோமீட்டர் கம்பி. எய்க் எலக்ட்ரிக் என்ற அந்தக் கம்பெனி முழுக்க அறக்கட்டளைக்குச் சொந்தம். பழுது பார்ப்பவர்களும் தீவுக்காரர்களே, அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள்.

யாராவது 5 கிலோவாட்டைத் தாண்டி வீட்டை இருட்டாக்கிக்கொண்டால் அவர்களில் ஒருவர்தான் வந்து சரிசெய்ய வேண்டும். வருபவர் பக்கத்து வீட்டுக்காரர். அலுவலக எண்ணுக்குப் போன் போட்டுச் சத்தம் போடுவதுபோல அவரிடம் போட முடியாது. மழையில்லாமல் ஓடை வற்றும் நாட்களில் எல்லாரும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள் என்று அறிவிப்பு வரும், குறைத்துக்கொள்வார்கள். குளிர்காலத்தில் காற்றும் மழையும் சேர்ந்து அடிக்கும்போது கதை தலைகீழ். பேட்டரிகள் நிரம்பி வழியும். மிச்ச மின்சாரம் ஊர்ப் பொதுக்கூடத்திலும் தேவாலயத்திலும் உள்ள ஹீட்டர்களுக்குப் போகும். உள்ளே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நாட்களில் இரண்டு கட்டடமும் கதகதப்பாகத்தான் இருக்கும்.