விந்தணு வழியில் பெறும் புரதம்

விந்தகத்தை விட்டு வெளிவரும் மனித விந்தணு பார்வைக்கு முழுமையாக இருக்கும். தலை, வால், தலைக்குள் 23 குரோமோசோம்கள் என எல்லாம் அமைந்திருக்கும். ஆனாலும் அதனால் சரியாக நீந்த முடியாது. முட்டையோடு இணையவும் முடியாது. அந்தத் திறன்கள் எபிடிடிமிஸ் என்னும் குழாயில்தான் கைகூடுகின்றன. விந்தகத்தை ஒட்டிச் சுருண்டு கிடக்கும் இந்தக் குழாயை நீட்டினால் சுமார் 6 மீட்டர் வரும். விந்தணு அதைக் கடக்கச் சில நாட்கள் ஆகும். அதற்குள் குழாயின் சுவர் சுரக்கும் பல புரதங்கள் அதன்மேல் படிகின்றன. அவற்றில் ஒன்று கிரிஸ்ப்1.

சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் மிகுந்த சுரப்புப் புரதங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது இது. இந்தக் குடும்பப் புரதங்கள் எல்லாவற்றிலும் 16 சிஸ்டீன்கள் மாறாமல் இருக்கின்றன; அவற்றில் 10 புரதத்தின் வால்பகுதியிலேயே நெருங்கி அமைந்துள்ளன. நோய்க்கிருமியை எதிர்க்கத் தாவரங்கள் உருவாக்கும் புரதங்களும், பாம்பு, பல்லி நஞ்சுகளில் உள்ள சில புரதங்களும் இதன் உறவுகளே. ஒரே அடிப்படை அமைப்பு இத்தனை வேலைகளுக்குப் பயன்படுவது வியப்புக்குரியது.

அர்ஜென்டினாவின் பியூனஸ் அயர்ஸில் கேமியோ, பிளாக்கியர் ஆகியோர் 1976-இல் எலியின் எபிடிடிமிஸில் ஆண் ஹார்மோனைச் சார்ந்து சுரக்கும் புரதங்களைக் கண்டனர். எலியின் கிரிஸ்ப்1 அவ்வாறுதான் அறிமுகமானது. பின்னர் அதே நகரில் பத்ரீசியா குவாஸ்னிக்கூவின் குழு அதன் பணியைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. விந்தணுவில் இது இரு விதமாக ஒட்டியிருப்பது தெரிந்தது. பெரும்பகுதி தளர்வாக ஒட்டியது. பெண்ணின் உடலுக்குள் விந்தணு பக்குவமடையும்போது அது கழன்றுவிடுகிறது. இறுக்கமாகப் பிணைந்த சிறுபகுதி மட்டும் மிஞ்சுகிறது. தலையின் நுனியில் உள்ள அக்ரோசோம் வெடித்து நொதிகளை வெளியிடும்போது, அந்தப் பகுதி தலையின் நடுப்பட்டைக்கு இடம்பெயர்கிறது. முட்டையின் சவ்வோடு விந்தணு முதலில் கலப்பது அந்த நடுப்பட்டையில்தான். ஆகவே இந்த இடப்பெயர்ச்சியைத் தற்செயலாகக் கொள்ள முடியாது.

விந்தணு முட்டையோடு இணைவதில் கிரிஸ்ப்1-க்குப் பங்குண்டு என்பதை மனிதரில் நிறுவுவது எளிதல்ல, சோதனைக்கு மனித முட்டைகள் கிடைப்பது அரிது. இங்கே ஹாம்ஸ்டர் கைகொடுத்தது. வெளியுறை நீக்கப்பட்ட ஹாம்ஸ்டர் முட்டைக்குள் மனித விந்தணு புகும் என்று யானகிமாச்சி குழுவினர் 1976-இல் காட்டியிருந்தனர். இந்த முறையைக் கொண்டு குவாஸ்னிக்கூவின் குழு 2001-இல் ஒரு சோதனையை வெளியிட்டது. மனித கிரிஸ்ப்1-க்கு எதிரான நோய் எதிர்ப்புப் புரதத்தை விந்தணுக்களோடு சேர்த்தபோது, அவை புகுந்த முட்டைகளின் விகிதம் குறைந்தது. விந்தணுவின் அசைவு குறையவில்லை. முட்டையின் மேற்பரப்பில் அவை ஒட்டுவதும் தடைபடவில்லை. ஒட்டிய பின் இரு சவ்வுகளும் ஒன்றாகும் கட்டத்தில்தான் தடை விழுந்தது. உறை நீக்கிய மனித முட்டைகளிலும் கிரிஸ்ப்1 பிணையும் இடங்கள் இருப்பதை அதே ஆய்வு காட்டியது.

ஒட்டும் கட்டத்துக்கு வேறு புரதங்கள் பொறுப்பு. விந்தணுவின் இசுமோ1, 2005-இல் ஜப்பானில் கண்டறியப்பட்டது. திருமணத்துக்குப் பெயர்பெற்ற ஒரு ஆலயத்தின் பெயர் அதற்கு. முட்டையில் அதன் இணையான ஜூனோவை 2014-இல் பிரிட்டனில் கண்டறிந்தனர். இவை இல்லாத எலிகளில் இணைவு நடப்பதே இல்லை. கிரிஸ்ப்1 நீக்கப்பட்ட எலிகளோ குட்டி போடுகின்றன. அவற்றின் விந்தணுக்கள் முட்டைச் சோதனைகளில் மட்டும் பின்தங்குகின்றன. இதை வைத்துப் புரதம் தேவையற்றது என்று முடிவு கட்டுவது அவசரம். கிரிஸ்ப்4 என்னும் உறவுப் புரதத்தையும் சேர்த்து நீக்கியபோது ஆண் எலிகளின் இனப்பெருக்கத் திறன் குன்றியதாக 2018-இல் தெரியவந்தது. ஒன்றின் இடத்தை மற்றொன்று ஓரளவு நிரப்புகிறது.

பெண் உடலிலும் இந்தப் புரதம் இருக்கிறது. முட்டையைச் சூழ்ந்த கியூமுலஸ் செல்கள் கிரிஸ்ப்1-ஐச் சுரப்பதாக 2015-இல் எலிகளில் கண்டனர். விந்தணு வாலில் கால்சியம் நுழையும் கேட்ஸ்பெர் வாயிலை அது கட்டுப்படுத்தி, விந்தணு முட்டையை நோக்கித் திரும்பவும் உதவுகிறது.