சங்கோசமும் சிகிச்சையும்

திருவண்ணாமலையிலிருந்து கீழ்பென்னாத்தூர், செஞ்சி வழியாகச் செல்லும் சாலை திண்டிவனத்தை அடைகிறது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அத்திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஸ்திரீகள் பிரசவ வேதனையில் மாண்டார்கள். ஆண் வைத்தியர் பார்க்கலாகாது என்று வீட்டார் மறுத்ததே காரணம். அதைக் கண்டு மனம் நொந்த ஐடா ஸ்கடர் என்னும் இளம்பெண், பின்னர் தாமே டாக்டராகி, 1900-இல் வேலூரில் வைத்தியம் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்று அங்கே வைத்தியப் பள்ளியும் நிறுவினார்.

அன்று உயிரை வாங்கிய அந்தச் சங்கோசம் இன்று வேறு விதமாகப் பெண்களின் வாழ்வைக் குறுக்கி வருகிறது. இருமினாலும், தும்மினாலும், குடத்தைத் தூக்கினாலும் சிறுநீர் கசிந்துவிடும் தொல்லையைத்தான் சொல்கிறோம். கிரிவலப் பாதை 14 கிலோமீட்டர். பௌர்ணமியன்று மலையை வலம் வர ஆசையிருந்தும், முழங்கால்மீது பழியைப் போட்டு வீட்டிலேயே தங்கிவிடும் தாய்மார்கள் எத்தனை பேரோ!

பிரசவத்தாலும் வயதாலும் நீர்ப்பையின் வாயைத் தாங்கும் தசைகள் தளர்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? ஆயினும், "டாக்டர் என்னென்ன செய்வாரோ?" என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. ஆகவே அதை விளக்கிவிடுவோம்.

முதலில் சில கேள்விகள். எப்பொழுது எவ்வளவு குடித்தோம், எப்பொழுது நீர் கழித்தோம் என்று சில நாட்களுக்கு ஒரு குறிப்பு. கிருமி உண்டா என்று அறியச் சிறுநீர்ப் பரிசோதனை. பின்பு, நீர்ப்பை நிறைந்திருக்கும்பொழுது இருமச் சொல்லிப் பார்ப்பார். கழித்தபின் உள்ளே எவ்வளவு தங்குகிறது என்று அளப்பார். அவ்வளவே.

பெரிய ஆஸ்பத்திரிகளில் 'யூரோடைனமிக்' என்றொரு சோதனையும் உண்டு. நீர்ப்பைக்குள் ஒரு மெல்லிய குழாயையும் ஆசனவாயில் மற்றொன்றையும் செலுத்தி, உப்புநீரைச் சிறிது சிறிதாக நிரப்புவார்கள். இருமும்பொழுது உள்ளே எழும் அழுத்தத்தை யந்திரம் கோடாக வரைந்து காட்டும்.

எல்லோருக்கும் இது அவசியந்தானா? அமெரிக்காவில் 630 பெண்களிடம் ஆராய்ந்து 2012-இல் விடை வெளியிட்டார்கள். வேறு சிக்கலின்றி இருமலில் கசியும் பெண்களே அவர்கள். சத்திரசிகிச்சைக்கு முன் இச்சோதனையும் செய்துகொண்டவர்களில் ஓராண்டுக்குப்பின் நூற்றுக்கு 76.9 பேர் பலன் கண்டனர். எளிய பரிசோதனையோடு நின்றவர்களிலோ 77.2 பேர்! எனவே, முன்பே சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்கள், அடக்கவொண்ணா அவசரமும் உடையவர்கள், நீர் முழுதும் கழியாதவர்கள், நரம்பு நோயுள்ளவர்கள் முதலியோருக்கே இது பெரிதும் பயன்படும்.

கத்திக்கு முன் பயிற்சி இருக்கிறது. சிறுநீரை அடக்குவதுபோல் அத்தசைகளை இறுக்கித் தளர்த்த வேண்டும்; வேளைக்கு எட்டு முறை, தினம் மூன்று வேளை, மூன்று மாதம். 1948-இல் ஆர்னால்டு கெகல் என்ற அமெரிக்க டாக்டர் இத்தகைய பயிற்சியைப் பற்றி எழுதினார். பலருக்கு இதுவே போதுமானது.

தாய்மார்களே! டாக்டரிடம் சொல்ல வேண்டியது ஒரே வாக்கியம்: "இருமினால் நீர் கசிகிறது." மீதியை அவர் கேட்டறிந்து கொள்வார்.