சைட் எண் 12-ஆ, 18-ஆ?

அமெரிக்காவில் பல போலீஸ், தீயணைப்புத் துறைகள் ‘பி25’ ட்ரங்கிங் ரேடியோவில் பேசுகின்றன. சில அலைவரிசைகளைப் பலரும் மாறி மாறிப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இது. ஒவ்வொரு டவர் தளமும் தன் சைட் எண்ணைக் கண்ட்ரோல் சேனலில் தொடர்ந்து அனுப்பும். எஸ்.டி.ஆர். ரிசீவரை யு.எஸ்.பி. போர்ட்டில் செருகி, அதற்குரிய புரோகிராமை இயக்கினால் எண் திரையில் தெரியும்.

அங்கு நான் பணியாற்றியபோது திரையில் ‘12’ என்று வந்தது. பட்டியலில் 12-ஆம் சைட்டைத் தேடி, அதன் அலைவரிசைகளை ஸ்கேனரில் பதிந்தேன். ஒரு வாரம் வெறும் மௌனம்! புரோகிராம் காட்டியது ஹெக்ஸாடெசிமல் எண். 1×16+2, அதாவது 18.

எனவே முதலில் எண் முறையைப் பாருங்கள். விண்டோஸ் கால்குலேட்டரின் புரோகிராமர் பகுதியில் மாற்றிக்கொள்ளலாம். பின்பு கண்ட்ரோல் சேனல் அலைவரிசையும் பட்டியலுடன் பொருந்துகிறதா எனச் சரிபாருங்கள். இதைச் செய்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.