சிட்டாவில் ஒரு பெயர், பாஸ்புக்கில் ஒரு பெயர்

குறுவைக்குக் கடன் கேட்டுப் போகிறவர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்து மேசையில் சிட்டா, அடங்கல், ஆதார், பாஸ்புக், ரேஷன் கார்டு எல்லாவற்றையும் அடுக்கி வைக்கிறார். ஒரத்தநாட்டுப் பக்கத்து விவசாயி என்று வைத்துக்கொள்வோம். கற்பனை ஆள்தான், ஆனால் அவரைப் போல ஊருக்கு நாலு பேர் உண்டு. சிட்டாவில் அவர் ‘பக்கிரிசாமி மகன் கோவிந்தராசு’. ஆதாரில் ‘ப. கோவிந்தராஜ்’. பாஸ்புக்கில் ‘கோவிந்தராஜன் பி’. பான் அட்டையில் இனிஷியலை விரித்து எழுதச் சொன்னதால் ‘கோவிந்தராஜ் பக்கிரிசாமி’. அப்பா நிலம் வாங்கிய பழைய கிரயப் பத்திரத்திலோ அந்தப் பக்கிரிசாமியே வெறும் ‘பக்கிரி’.

தெருவில் யாரைக் கேட்டாலும் எல்லாம் ஒரே ஆள்தான் என்பார்கள். கணினி அப்படிச் சொல்லாது. கடன் கொடுப்பவரும் அதை நம்பித்தான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கிறது.

ஒரு பொருளின் மேல் கடன் கொடுத்தவர் அதை ஏதாவதொரு அரசுப் பதிவில் எழுதி வைப்பது எதற்காக? அதே பொருளைக் காட்டி அடுத்த இடத்தில் கடன் கேட்டால், அங்கே இருப்பவர் பதிவைத் தேடிப் பார்த்து ‘இதன் மேல் ஏற்கெனவே கடன் இருக்கிறது’ என்று தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான். தேடும்போது கிடைக்காத பதிவு இருந்தும் பயனில்லை.

அமெரிக்காவில் இது மிகக் கறாராக நடக்கிறது. அறுவடை இயந்திரம், விளைச்சல், சரக்கு போன்றவற்றின் மேல் வாங்கும் கடனை மாநில அலுவலகத்தில் பதிகிறார்கள். அங்கே தேடும் சாவி கடனாளியின் பெயர் ஒன்றுதான். கான்சாஸ் மாநிலத்து விவசாயி ஒருவருக்கு ஜான் டீர் நிறுவனம் பண்ணைக் கருவிகளுக்குக் கடன் கொடுத்து, எல்லோரும் அவரைக் கூப்பிடும் சுருக்கப் பெயரில் பதிந்தது. அவர் திவாலானபோது, முழுச் சட்டப் பெயரில் தேடினால் அந்தப் பதிவு அகப்படவில்லை. பதிவு செல்லாது என்று 2004இல் மேல்முறையீட்டில் தீர்ப்பானது. அதற்குப் பின் சட்டத்தைத் திருத்தி, 2013 முதல் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுநர் உரிமத்தில் உள்ள பெயரே பதிவுக்குரிய பெயர் என்று வைத்துவிட்டார்கள்.

நம் வயலுக்கு அந்த ஆபத்து குறைவு. காரணம், இங்கே நிலத்தைத் தேடுவது எண்ணை வைத்து. 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் ஆட்களின் பெயருக்கு ஓர் அட்டவணை, சொத்துக்குத் தனியாக ஓர் அட்டவணை உண்டு. வில்லங்கச் சான்று போடும்போது நாம் கொடுப்பது கிராமமும் சர்வே எண்ணும்தான். கோவிந்தராசு கோவிந்தராஜன் ஆனாலும் அந்த எண்ணின் மேலுள்ள அடமானம் சான்றில் வந்து நிற்கும். எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டியது அங்கே எண்ணைத்தான்: உட்பிரிவு ஆகி 45/2 என்பது 45/2ஏ, 45/2பி என்று பிரிந்திருந்தால் பழைய எண்ணுக்கும் சேர்த்துச் சான்று போட வேண்டும்.

ஆனால் டெல்டாவில் பெரும்பாலோர் வாங்குவது பயிர்க்கடன். 2025 ஜனவரி 1 முதல் 2 லட்சம் ரூபாய் வரையிலான விவசாயக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு முன் இந்த வரம்பு 1.6 லட்சமாக இருந்தது. நிலம் அடமானத்தில் இல்லாதபோது, கடனுக்கு ஆதாரமாக நிற்பது வயலில் இருக்கும் பயிர். அந்தப் பயிர் யாருடையது என்று சொல்வது, கிராம நிர்வாக அலுவலர் பசலிதோறும் எழுதும் அடங்கல். ஆக, பிணை கேட்காத கடனில்தான் பெயரின் மேல் முழுப் பாரமும் வந்து விழுகிறது. பயிர்க் காப்பீட்டுக்கும், ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பி.எம். கிசானுக்கும், நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட மூட்டைக்கான பணத்துக்கும் இதே கதைதான்.

பெயர் எங்கே கெட்டது என்று தேடினால் பல ஊர்களில் யு.டி.ஆரில் போய் முடியும். 1979இல் தொடங்கி 1987 வரை தமிழகம் முழுக்க நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்த திட்டம் அது. இன்று கணினியில் தெரியும் பட்டாவுக்கு அடிப்படை அதுதான். தந்தை பெயர் மாறியது, இறந்தவர் பெயர் நின்றுபோனது, அண்ணன் பெயர் மட்டும் ஏறித் தம்பி விடுபட்டது என்று அதில் புகுந்த தவறுகளை இன்றைக்கும் ‘யு.டி.ஆர். பிழை’ என்றே தாலுகா ஆபீசில் சொல்கிறார்கள். பிழை செய்தவர் ஒருவர், அலைபவர் அவருடைய பேரன் வயதுக்காரர்.

மற்றொரு காரணம் நம் பெயர் வைக்கும் முறை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. பட்டா ‘இன்னார் மகன் இன்னார்’ என்று எழுதும், பள்ளிச் சான்றிதழ் அதையே ஓர் எழுத்தாகச் சுருக்கும், பான் அட்டை அந்த எழுத்தைத் திரும்ப விரிக்கும். இதில் பெண்கள் படும் பாடு தனி. பள்ளிச் சான்றிதழில் அப்பாவின் இனிஷியல், ரேஷன் கார்டில் கணவரின் இனிஷியல், பிறந்த வீட்டுப் பங்கு நிலத்தில் ‘மகள்’, கணவர் இறந்தபின் வந்த நிலத்தில் ‘மனைவி’. நிலம் தன் பெயருக்கு வந்தும் அதைக் காட்டிக் கடன் வாங்க முடியாமல் மகனைக் கையெழுத்துப் போடச் சொல்லும் அம்மாக்களுக்கு இது வெறும் எழுத்துப்பிழை அல்ல. நிலத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பிடியே அங்கே தளர்கிறது.

கோயில் நிலத்திலும் மடத்து நிலத்திலும் சாகுபடி செய்பவர்கள் தஞ்சையில் ஏராளம். அங்கே பட்டா சுவாமியின் பெயரிலோ ஆதீனத்தின் பெயரிலோ இருக்கும். சாகுபடிதாரருக்குள்ள பிடிமானம், 1969ஆம் ஆண்டுக் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டத்தின்படி வட்டாட்சியர் வைத்திருக்கும் பதிவேடு. அதில் அப்பா பெயரே நிற்க, மகன் முப்பது வருடமாக உழுதுகொண்டிருப்பது சாதாரணக் காட்சி. 1955ஆம் ஆண்டுக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் உடலுழைப்புத் தரும் வாரிசையும் சாகுபடிதாரராகவே ஏற்கிறது. எனவே வாரிசுச் சான்றோடு பெயர் மாற்றத்துக்கு மனுப் போடுவதைத் தள்ளிப்போட வேண்டாம். கடன் தேவைப்படும் வாரத்தில் போய் நின்றால் நடக்காது.

சரி, எந்தப் பெயருக்கு மற்றதைக் கொண்டுவருவது? என் யோசனை இது. உங்கள் பெயருக்கு ஆதாரை அளவாக வையுங்கள், தந்தை பெயருக்கு மூலப் பத்திரத்தை. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற விடுவார்கள். அதனால் முதலில் தமிழிலும் ஆங்கிலத்திலும் எந்த எழுத்துக்கூட்டல் என்று வீட்டில் உட்கார்ந்து தீர்மானித்து, ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு போங்கள். அடுத்து பாஸ்புக்கும் பான் அட்டையும்.

பட்டாவில் எழுத்துப்பிழை என்றால் வட்டாட்சியருக்கு மனு. ஜமாபந்தி நடக்கும் நாட்களில் கொடுத்தால் ஊர்க் கணக்கு முழுவதும் அதிகாரிகள் முன்னால் விரித்து வைத்திருக்கும். மறுத்தால் 1983ஆம் ஆண்டுப் பட்டா பாஸ்புக் சட்டப்படி வருவாய்க் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு, அதற்கும் மேல் மாவட்ட வருவாய் அலுவலர். பிழை பத்திரத்திலேயே இருந்தால், எழுதிக் கொடுத்தவரை வைத்துப் பிழைத்திருத்தல் பத்திரம் பதிய வேண்டும். அவர் உயிரோடு இருக்கும்போதே செய்துவிடுவது நல்லது. ‘இரு பெயரும் ஒருவரே’ என்று நோட்டரியிடம் வாங்கும் உறுதிமொழித் தாள் அன்றைய கடனுக்கு உதவலாம். பதிவை அது திருத்தாது, அடுத்த போகத்துக்கு இன்னொன்று கேட்பார்கள்.

டிராக்டர் வாங்கினால், 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி. புத்தகத்திலேயே கடன் ஏறும். அரிசி ஆலை வைத்திருப்பவர் இயந்திரத்தையும் நெல் இருப்பையும் காட்டிக் கடன் வாங்கினால், அது 2011இல் தொடங்கிய செர்சாய் என்னும் மத்தியப் பதிவகத்துக்குப் போகும். அங்கே சொத்தை வைத்தும் தேடலாம், கடனாளியை வைத்தும் தேடலாம். கான்சாஸ் கதை நம் ஊருக்குப் பொருந்துவது இங்கேதான். ஆலை உரிமையாளர் பான் அட்டைப் பெயரையே எல்லா இடத்திலும் கொடுப்பது நலம். செர்சாய்க்கு அடிப்படையான சர்ஃபேசி என்னும் கடன் வசூல் சட்டம் விவசாய நிலத்தின் மேலுள்ள பிணைக்குப் பொருந்தாது என்பதால் வயல்காரருக்கு இந்தக் கவலை இல்லை.

கடனை அடைத்த பிறகும் ஒரு வேலை மிச்சம். டிராக்டருக்கு 35ஆம் எண் படிவத்தில் கடன் கொடுத்தவரின் கையெழுத்து வாங்கி ஹெச்.பி. கேன்சல் செய்ய வேண்டும். வங்கிக் கடன் என்றால், முழுத் தொகையும் கட்டிய 30 நாட்களுக்குள் பத்திரங்களைத் திருப்பிக் கொடுத்துப் பதிவகத்தில் உள்ள பிணையையும் நீக்க வேண்டும். வங்கியின் பக்கம் தாமதமானால் நாள் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் முதல் உள்ள விதி. ரத்து ஆவணம் பதியும்போது, கடன் ஏறிய நாளில் எந்தப் பெயர், எந்த சர்வே எண் எழுதப்பட்டதோ அதே பெயரும் எண்ணும் இதிலும் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். ஒரு மாதம் கழித்து வில்லங்கச் சான்று போட்டு, அடமானத்துக்குக் கீழே ரத்தும் ஏறியிருப்பதைக் கண்ணால் பார்த்தபின் அந்தத் தாளையும் பத்திரத்தோடு சேர்த்துக் கட்டி வையுங்கள்.