உங்களுக்குத் தெரியுமா? இழுவைக் கொக்கியின் பாரக் கணக்கு

தேசிய நெடுஞ்சாலை 544-இல், குமாரபாளையம் காவிரிப் பாலத்தருகே சற்று நேரம் நின்று பாருங்கள். கரும்பு டிராக்டர், நாமக்கல் டிரெய்லர், கேஸ் டேங்கர் என்று ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு ஓடும் வண்டிகள் வரிசையாக வரும். இழுக்கிற வண்டியையும் இழுபடுகிற வண்டியையும் சேர்த்துவைக்கும் கொக்கியைப் பற்றிச் சில துணுக்குகள்.

நுகத்தடியைத் தூக்கிப் பார்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றியதும், மாட்டைப் பூட்டும் முன் வண்டிக்காரர் நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். தூக்க முடியாமல் கனத்தால் முன்பாரம். மாட்டின் கழுத்து புண்ணாகும். தானே மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு குரல்வளையை இறுக்கும். லேசான முன்பாரம் இருந்தால்தான் வண்டி சொன்னபடி கேட்கும். காருக்குப் பின்னால் கட்டி இழுக்கும் கேரவன் டிரெய்லருக்கும் இதே விதிதான்.

நூற்றுக்குப் பத்து

அமெரிக்காவில் கேரவன் டிரெய்லர் இழுப்பவர்கள், சாமான்கள் ஏற்றிய டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். 1,500 கிலோ டிரெய்லர் என்றால் 150 முதல் 225 கிலோ. அதற்கும் குறைந்தால், வேகம் கூடும்போது டிரெய்லர் இடமும் வலமும் ஆடத் தொடங்கும்.

பிரிட்டனில் பாதி

பிரிட்டனில் 5 முதல் 7 சதவீதம் போதும் என்பார்கள். அங்குள்ள பல கார்களின் கொக்கி 75 முதல் 100 கிலோ வரைதான் தாங்கும். கேரவன்களும் எடை குறைந்தவை. இழுவை வண்டிகளுக்குத் தனி வேக வரம்பும் உண்டு. ஜெர்மனியில் பொதுவாக மணிக்கு 80 கி.மீ.; தனி அனுமதி பெற்றால் 100. இதனால், கொக்கியின் பாரத்தை மற்ற அச்சுகளுக்கும் பிரித்துவிடும் ‘பாரம் பகிரும் கொக்கி’யை ஐரோப்பாவில் அதிகம் பார்க்க முடியாது. ஆட்டத்தை அடக்கும் உராய்வுக் கட்டைகள் வைத்த கொக்கிகளே அங்கே புழக்கம்.

150 கிலோ, 210 ஆகும் கதை

ஒரு காரின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர். கொக்கி பின் அச்சிலிருந்து 1.1 மீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் 150 கிலோ உட்கார்ந்தால் பின் அச்சில் கூடுவது 150 அல்ல, 210 கிலோ! மீதி 60 கிலோ எங்கிருந்து வந்தது? முன் அச்சிலிருந்து. பின்புறம் அமுங்கி, மூக்கு மேலே எழும்பும். ஸ்டியரிங் லேசாகும், முன் பிரேக்கின் பிடி குறையும், முகப்பு விளக்கு எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இரண்டு கம்பிகளின் வேலை

வெயிட் டிஸ்ட்ரிபியூஷன் ஹிட்ச் எனப்படும் பாரம் பகிரும் கொக்கி இந்த இழப்பைத்தான் சரிக்கட்டுகிறது. கொக்கியின் தலையிலிருந்து இரண்டு வில்கம்பிகள் டிரெய்லரின் முன்சட்டத்துக்கு அடியில் நீண்டிருக்கும். அவற்றின் நுனியைச் சங்கிலியாலோ தாங்கியாலோ மேலே இழுத்துப் பூட்டுவார்கள். கடப்பாரையால் நெம்பியதுபோல், பின் அச்சின் பாரத்தில் ஒரு பங்கு காரின் முன் அச்சுக்கும், இன்னொரு பங்கு டிரெய்லரின் அச்சுக்கும் போய்விடும்.

எடை குறையாது

இந்தக் கொக்கியை மாட்டினால் காரின் இழுதிறன் கூடிவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு. கூடாது. கார் எவ்வளவு இழுக்கலாம், அச்சு எவ்வளவு தாங்கும், டயர் எவ்வளவு தாங்கும் என்று தயாரிப்பாளர் சொன்ன எண்கள் அப்படியேதான் இருக்கும். கொக்கியின் சொந்த எடையையும் சுமையோடு சேர்க்க வேண்டும். காரின் டிக்கியில், பின் அச்சுக்கு அப்பால் அடுக்கிய சாமானையும் கணக்கில் விடக் கூடாது.

ஸ்டிக்கரில் இரண்டு கணக்கு

அமெரிக்கக் கார்களின் பின்னால் கொக்கி செருகும் குழாயில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வெறும் கொக்கி என்றால் இவ்வளவு, பாரம் பகிரும் கொக்கி என்றால் இவ்வளவு என்று அதில் இரண்டு கணக்கு இருக்கும். சில கார்களுக்கு, பாரம் பகிரும் கொக்கியை மாட்டவே கூடாது என்று கையேட்டில் எழுதியிருப்பார்கள். வாங்கும் முன் புரட்ட வேண்டியது கடையின் விலைப்பட்டியலை அல்ல, அந்தக் கையேட்டை.

தடித்த கம்பி நல்லதா?

‘இருக்கிறதிலேயே பெருசு கொடுங்க’ என்று கேட்டு வாங்கும் பொருள் அல்ல இது. வில்கம்பி தேவைக்கு மேல் விறைப்பாக இருந்தால் குண்டும் குழியுமான சாலையில் ஒவ்வொரு குலுக்கலும் டிரெய்லர் சட்டத்தில் இறங்கும். நாளடைவில் வெல்டிங் விடும். மெல்லியதாக இருந்தால் வளைந்து கொடுக்குமே தவிரப் பாரம் நகராது. கொக்கியில் உண்மையில் உட்காரும் எடையை அளந்து, அதற்குச் சற்று மேலான கம்பியை எடுப்பதே சரி.

நாமக்கல்லில் இது பழைய சங்கதி

டிரெய்லர் லாரியில் குதிரை எனப்படும் இழுவை வண்டியின் முதுகில் வட்டத் தட்டு ஒன்று இருக்கும்; டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கிங் பின் அதில் பூட்டிக்கொள்ளும். அந்தத் தட்டு பின் அச்சுக்கு நேர் மேலே இருக்காது; சற்று முன் தள்ளியே பொருத்துவார்கள். டிரெய்லரின் பாரத்தில் ஒரு பங்கு முன் அச்சுக்கும் போவதற்காகத்தான். காருக்கு வில்கம்பி கட்டிச் செய்ததை இங்கே இடம் பார்த்து வைத்தே செய்துவிடுகிறார்கள்.

இரண்டு அங்குலம் தாங்கும் உயிர்

பெரும்பாலான டிரெய்லர்களில் கிங் பின்னின் விட்டம் 50 மில்லிமீட்டர், அதாவது 2 அங்குலம். மிகக் கனமான எந்திரங்களை ஏற்றும் டிரெய்லர்களுக்கு 90 மில்லிமீட்டர் பின். உலகம் முழுக்க இந்த இரண்டு அளவுகள்தான் தரம். தட்டில் கிரீஸ் காய்ந்தால் இரும்பும் இரும்பும் உரசி, வளைவில் ஸ்டியரிங் முரண்டு பிடிக்கும். டிரைவர்கள் தட்டுக்குக் கிரீஸ் வைக்காமல் நெடும்பயணம் கிளம்பாதது இதனால்தான்.

ஒரு படகுக்காகப் பிறந்தது

1914-இல் டெட்ராய்ட் நகரத்து மர வியாபாரி ஒருவர், தன் படகை ஃபோர்டு மாடல் டி காரில் இழுத்துப்போக வழி கேட்டு அகஸ்ட் ஃப்ரூஹாஃப் என்ற கொல்லரிடம் போனார். அவர் செய்து கொடுத்த இரண்டு சக்கர வண்டி பிடித்துப்போக, மரம் ஏற்றவும் அதேபோல் கேட்டார். ஃப்ரூஹாஃப் அதற்கு வைத்த பெயர் செமி டிரெய்லர். பின்னாளில் அவர் நிறுவனம் உலகின் பெரிய டிரெய்லர் தொழிற்சாலைகளில் ஒன்றானது.

விமான டயரே கொக்கி

விமானத் துறை முன்னோடி கிளென் கர்டிஸ் கேரவன்களும் கட்டினார். 1920-களின் இறுதியில் வந்த அவருடைய ஏரோகாரில் கொக்கியாக இருந்தது, படுக்கைவாட்டில் வைத்த ஒரு விமான டயர்! காற்றடைத்த டயர் குலுக்கலை விழுங்கிவிடும். பாரமும் காரின் வாலில் தொங்காமல் அச்சுக்கு மேலே இறங்கும்.

அந்தரத்தில் முன்சக்கரம்

பள்ளிபாளையம் பக்கம் ஓடப்பள்ளியில் பொன்னி சுகர்ஸ் ஆலை இருக்கிறது. அரவைக் காலத்தில் கரும்பு டிராக்டர்களைக் கவனியுங்கள். ஒற்றை அச்சு டிரெய்லர் தன் பாரத்தில் ஒரு பகுதியை டிராக்டரின் வாலில் சாய்க்கும். மேடு ஏறும்போது முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். முன்னால் வார்ப்பு இரும்பு எடைக்கட்டிகள் மாட்டுவது அதனால்தான். டிரெய்லரைப் பின் அச்சுக்கு மேலான உயரத்தில் கோத்தால் டிராக்டர் பின்பக்கமாகக் கவிழவும் கூடும். இழுவைக் கம்பியைத் தாழ்வாக வைத்திருப்பது உயிர் காக்கும் ஏற்பாடு.

பெயருக்குப் பின்னால் ஒருவர்

சென்னை டாஃபே நிறுவனத்தின் மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டரை நம் ஊர் உழவர்கள் நன்றாக அறிவார்கள். அந்த ஃபெர்குசன், அயர்லாந்துக்காரர் ஹாரி ஃபெர்குசன். கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைக்கும் முறையைத் தந்தவர். 1939-இல் வெளிவந்த ஃபோர்டு ஃபெர்குசன் டிராக்டர் அதைப் பரவலாக்கியது. கலப்பையின் பாரமும் மண்ணின் இழுப்பும் பின் டயரை அழுத்திப் பிடி கொடுக்கும்; முன்பக்கம் தூக்குவதும் கட்டுப்படும்.

பாவு பீமுக்கும் உண்டு

குமாரபாளையம் தறிப் பட்டறைகளுக்குக் குட்டி யானையில் பாவு சுற்றிய பீம் போகும். வண்டியின் பின்கதவைத் திறந்துவிட்டு, பீமை வெளியே நீட்டி ஏற்றினால் பின் அச்சுக்கு அப்பால் பாரம் தொங்கும். ஸ்டியரிங் பஞ்சாகிவிட்டது என்று டிரைவர் புலம்புவார். பீமைக் கேபினை ஒட்டி நகர்த்தினால் அதே எடை, அதே வண்டி, ஸ்டியரிங் கைக்கு அடங்கிவிடும்.

தண்ணீர்த் தொட்டி எங்கே?

கேரவனில் 100 லிட்டர் தொட்டி இருந்தால் நிரப்பியதும் 100 கிலோ கூடும். தொட்டி டிரெய்லர் அச்சுக்குப் பின்னால் என்றால் கொக்கி எடை குறையும். முன்னால் என்றால் ஏறும். பாதி நிரம்பிய தொட்டியில் தண்ணீர் அலைமோதும் தொல்லை வேறு. சமையல் எரிவாயு ஏற்றும் நாமக்கல் டேங்கர்களின் வயிற்றுக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பது இந்த அலைச்சலை அடக்கத்தான்.

ஆடிக் காற்றில் ஆடினால்

பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று புகும் மாதங்களில், கோவை செல்லும் சாலையில் உயரமான வண்டிகளைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். டிரெய்லர் ஆட ஆரம்பித்தால் காரின் பிரேக்கை அழுத்தாதீர்கள். பின்னாலிருக்கும் எடை காரை மடக்கிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள். டிரெய்லருக்குத் தனி பிரேக் சுவிட்ச் இருந்தால் அதை மட்டும் இயக்குங்கள்.

கொல்லிமலைக்கு இது போதாது

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் டிரெய்லர் காரை முன்னே தள்ளும். பாரம் பகிரும் கொக்கி அதைத் தடுக்காது. டிரெய்லருக்கே பிரேக் வேண்டும். பள்ளமும் மேடுமான மண் தடத்தில் இறங்கும் முன் வில்கம்பிகளைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கம்பியோ சட்டமோ முறுக்கிக்கொள்ளும்.

டிரெய்லருக்கும் ஆர்.சி. உண்டு

மோட்டார் வாகனச் சட்டத்தின் 61-ஆம் பிரிவுப்படி டிரெய்லரையும் பதிவு செய்தாக வேண்டும். இழுக்கும் வண்டியின் எண் கடைசி டிரெய்லரில் தெரிய வேண்டும். 2018-இல் மத்திய அரசு அச்சு எடை வரம்பைத் தளர்த்தியபோது, நான்கு டயர் ஒற்றை அச்சுக்கான 10.2 டன் 11.5 டன்னானது. அதிகபட்ச மொத்த எடை 49 டன்னிலிருந்து 55 டன்னுக்கு உயர்ந்தது. மிகை பாரத்துக்கு 20,000 ரூபாய் அபராதம்; கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாய் தனி.

மூன்று சீட்டு வாங்குங்கள்

கொக்கி சரியாகப் பூட்டியிருக்கிறதா என்று பார்க்க ஓர் எடைமேடை போதும். காரின் முன் அச்சை மட்டும் மேடையில் நிறுத்தி மூன்று முறை எடை போடுங்கள்: டிரெய்லர் இல்லாமல் ஒன்று, வில்கம்பி பூட்டாமல் டிரெய்லரோடு ஒன்று, பூட்டிய பின் ஒன்று. இழந்த எடையில் எவ்வளவு திரும்ப வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். பாதி போதும் என்று சில தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். மூன்றாவது சீட்டின் எடை முதல் சீட்டைத் தாண்டியிருந்தால், பின் சக்கரத்தின் பிடி அளவுக்கு மேல் குறைந்துவிட்டது என்று பொருள். சங்கிலியில் ஒரு கண்ணியைத் தளர்த்திவிட்டு, மறுபடி மேடை ஏறுங்கள்.